பார்வைக்கு வைத்த சாக்கடை

என் தையல் அறைக்குக் கீழே ஊர்ச் சாக்கடை ஓடுகிறது என்று எனக்குத் தெரிவித்தது ஒரு நோட்டீஸ். பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து மெஷின் மிதிக்கிறவள் நான். எனக்குத் தெரியாதது, எங்கேயோ குளிர்ந்த அறையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. அடைப்பு எடுப்பதற்காக வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறையின் தரையை உடைத்துத் தோண்டுவார்களாம். தோண்டும்போது அறை நிற்காவிட்டால் துறை பொறுப்பல்லவாம். பொறுப்பல்ல என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாசல் பக்கம் நீட்டிக் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு. இரண்டு மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேஜை, சுவரில் ஆணியில் தொங்கும் பேப்பர் அளவுகள், இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி. ஒரு மெஷின் என்னுடையது, இன்னொன்றில் என் நாத்தனார். இரண்டு வீட்டு அடுப்பும் எரிவது அந்த அறையால்தான். கூரை மெல்லியது, சுவருக்கு அஸ்திவாரம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. தரையில் கடப்பாறை பட்டால் அது உட்கார்ந்துவிடும் என்று கட்டிய கொத்தனாரே சொல்லியிருக்கிறார்.

சாக்கடை அங்கே ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு மழையில் தெருவோரம் பள்ளம் விழுந்தபோது செங்கல் வளைவு தெரிந்தது. என் அறைச் சுவருக்கு நாலடி முன்னால் அது வளைந்து, தெருவோரமாகவே போயிற்று. என் கண்ணால் பார்த்தேன். அலுவலகத்தில் போய் இதைச் சொன்னபோது முதல் ஜன்னலில் இருந்தவர் நான் பார்த்ததற்கு ஆதாரம் கேட்டார். இரண்டாவது ஜன்னலில், கம்ப்யூட்டரில் கோடு நேராகத்தான் இருக்கிறது என்றார்கள். அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்டேன். சாக்கடையில் ஆள் இறங்கும் இந்தக் குழிக்கும் அந்தக் குழிக்கும் நடுவில் கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டதாம். மூன்றாவது ஜன்னலில் இருந்தவருக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் இருந்தது. சாக்கடை கட்டிய காலத்தில் கையால் வரைந்த மூலப் படம் இருந்தால் யோசிக்கலாம், அதெல்லாம் பதிவறைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது, பதிவறை கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னால் பழைய பம்ப் ஹவுசில் இருக்கிறது என்றார்.

மறுநாள் புதன்கிழமை நான் கிளம்பும்போது நாத்தனார் மெஷினை நிறுத்தாமலே வழியனுப்பினாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க அண்ணி. ஆனா அங்க போய்ப் பேசறப்ப கையை எடுத்துடுங்க. இல்லேன்னா மூக்கால பேசினீங்கன்னு அதுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புவாங்க."

கழிவுநீர் நிலையத்தை யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அதுவே வந்து அழைத்துப் போகிறது. வட்ட வட்டமான பெரிய தொட்டிகள், அவற்றின் மேல் மெதுவாகச் சுற்றும் இரும்புக் கைகள், நடுவே ஒற்றையடிப் பாதை. கடைசித் தொட்டியைத் தாண்டியதும் உயரமான ஜன்னல்களோடு ஒரு பழைய செங்கல் கட்டடம். வாசலில் பலகை: "கலைக் கண்காட்சி. அனுமதி இலவசம். அனைவரும் வருக." கலை என்ற எழுத்து மட்டும் வேறு வண்ணத்தில் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதன் அடியில் மலர் என்று எழுதியிருந்தது மங்கலாகத் தெரிந்தது.

இடம் மாறி வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பப் போனவளை உள்ளேயிருந்து ஒரு குரல், செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டு வரும்படி மரியாதையாக அழைத்தது. ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் அட்டை: காப்பாட்சியர். பொதுக் கழிப்பறைக்கே காசு கேட்கிற ஊரில் யாரோ ஒருவர் இலவசமாக எதையோ காட்டக் கூப்பிடுகிறார் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் போனேன். ஜன்னல் வெளிச்சம் என்னை இழுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்க எனக்கு ஆசை.

உள்ளே பம்புகள் இருந்த தடமே இல்லை. வெள்ளையடித்த நாலு சுவரிலும் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள். ஒவ்வொன்றின் கீழும் எண், தலைப்பு. "விடைபெறுதல்." "மூவர் சந்திப்பு." "இறங்குமுகம்." எல்லாம் கோடுகள். சிவப்புக் கோடு, நீலக் கோடு, சின்னச் சின்ன வட்டம், கட்டம், ஓரத்தில் பொடி எழுத்தில் எண்கள். எனக்கு ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் துணி தெரியும். மூன்றாவது படத்திலேயே அது காகிதம் இல்லை, மெழுகு போட்டுத் தேய்த்த நெருக்கமான நூல்துணி என்று கண்டுபிடித்துவிட்டேன். ஏழாவது படத்தில் விஷயம் புரிந்தது. ஒரு சட்டையை வெட்டிப் போட்டால் கை எது, கழுத்து எது என்று எனக்குச் சொல்லத் தெரியும். அதே மாதிரிதான் இது. சிவப்பு சாக்கடை, நீலம் குடிநீர், வட்டம் ஆள் இறங்கும் குழி. "மூவர் சந்திப்பு" என்பது மார்க்கெட் முனையில் மூன்று சாக்கடைகள் சேரும் இடம்.

காப்பாட்சியரிடம் போய், இதெல்லாம் சாக்கடைப் படம்தானே என்று கேட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். என்னையும் அவரையும் தவிர அங்கே ஒரு ஈ கூட இல்லை. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் என்னிடம் கொட்டினார்.

அவர் அதற்கு முன் பூங்காப் பிரிவில் இருந்தவர். வருடா வருடம் அங்கே ஒரு உத்தரவு வருமாம்: பூக்களைப் பார்வைக்கு வைக்கவும். உடனே தொட்டிகளை வரிசையாக அடுக்கி, எண் போட்டு, பெயர் எழுதி, அனுமதி இலவசம் என்று பலகை மாட்டுவார்கள். ஊரே வந்து பார்க்கும். அங்கிருந்து அவரை இந்தப் பதிவறைக்கு மாற்றினார்கள். இதே கட்டடத்தில் வெளி மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை, கட்டுக் கட்டாகப் படங்கள், அவர். இரண்டு வருடம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் துறை இயக்குநரிடமிருந்து உத்தரவு: படங்களைப் பார்வைக்கு வைக்கவும். இயக்குநர் கேட்டது தன் மேஜையில் தன் பார்வைக்கு. இவருக்குப் பூங்கா ஞாபகம். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா என்று கேட்டார். இருபது நாள் பாடுபட்டுப் பம்ப் ஹவுசைக் கழுவி, வெள்ளையடித்து, சட்டம் போட்டு, எண் போட்டு மாட்டினார். பழைய பலகையும் கைவசம் இருந்தது.

படங்கள் மேஜைக்கு வராததால் கோபத்தோடு நேரிலேயே கிளம்பி வந்த இயக்குநர் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நுண்கலைப் பேராசிரியர், தாடி வைத்தவர். மழைக்கு ஒதுங்கியவர் என்பது காப்பாட்சியருக்குத் தெரியும். பேராசிரியர் இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு அரசுத் துறைக்கு இவ்வளவு துணிச்சலா என்று கண் கலங்கினாராம். இயக்குநர் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் "ம்" என்றார். அந்த "ம்" மறுநாள் பத்திரிகையில் பாராட்டாக வந்தது. தலைப்புகள் எல்லாம் பேராசிரியர் வைத்தவை. எழுத்தராக இருந்தவர் காப்பாட்சியரானார். துறையின் சாதனைப் பட்டியலில் சாக்கடைக்கு முன்னால் கண்காட்சி இருந்தது.

"இங்க வர்றவங்க யாரும் எங்கிட்ட கோபமாப் பேசறதில்லைம்மா. என் சர்வீஸ்ல இந்த மூணு வருஷந்தான் அப்படி" என்றார்.

நான் என் நோட்டீஸை எடுத்து நீட்டினேன். தெருப் பெயரைப் படித்ததும் அவர் எழுந்து, என்னைப் பதினேழாம் எண் படத்துக்குக் கூட்டிப் போனார். தலைப்பு: "நாணம்." என் தெரு. கோடியில் இருக்கும் கிணறு, பள்ளிக்கூடத்துச் சுவர், என் அறை முளைப்பதற்கு முன்னால் இருந்த வீடு, எல்லாம் பொடிப்பொடிக் கட்டங்களாக. சிவப்புக் கோடு நேராக வந்து, என் வீட்டுக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து, தெருவோரமாகவே போயிற்று. சட்டைக் கைக்கு வெட்டுகிற வளைவு மாதிரி, ஒரே இழுப்பில் போட்டது. வளைவின் பக்கத்தில் வீட்டிலிருந்து எத்தனை அடி என்றுகூட எழுதியிருந்தது; அதில் என் அறையைக் கழித்தாலும் நாலடி மிச்சம் இருந்தது. கண்ணாடியின் மேல் அந்தக் கோட்டோடு விரலை ஓட்டினேன். அறை தப்பியது என்பதற்காக மட்டுமில்லை. அந்த வளைவு அவ்வளவு அழகாக இருந்தது.

இதற்கு ஒரு நகல் போட்டுச் சீல் வைத்துக் கொடுங்கள் என்றேன். அவர் கையைப் பிசைந்தார். காட்சிப் பொருளை நகலெடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம், அவரே எழுதிய விதி. கண்காட்சிக்குச் சீல் கிடையாதாம். சீல் இருப்பது பதிவறைக்கு. அதை வைத்தால் இது ஓவியம் இல்லை, பதிவு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். பதிவு என்றால் சுவரில் ஏன் தொங்குகிறது என்று கேள்வி வரும். நான் சத்தம் போட்டேன். என் குரல் அந்த உயரமான கூரையில் மோதி எனக்கே திரும்பி வந்தது. அவர் தலையைக் குனிந்து நின்றார். என் அறையா, அவர் ஜன்னலா என்று ஆகிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. அலுவலர்களுக்குக் கலை ரசனைப் பயிற்சியாம். அலுவலர்கள் மனைவியோடு வந்து, பார்த்து, கருத்துப் பதிவேட்டில் ஆளுக்கு இரண்டு வரியாவது எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை. முன்னால் தாடிப் பேராசிரியர், பின்னால் இருபது ஜோடி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருந்ததால் முகத்தில் ஒரு ஆழ்ந்த உணர்ச்சி தெரிந்தது. அவர்களில் ஒருவர் வட்டாரப் பொறியாளர். அலுவலகத்தில் அவர் அறைக் கதவின் மேல் மாட்டியிருந்த போட்டோவில் நான் பார்த்த அதே முகம். என் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர்.

பேராசிரியர் பதினேழுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். இந்தச் சிவப்பு ஆசை, இந்தக் கட்டம் சமூகம், ஆசை சமூகத்தைத் தொடப் போய்க் கடைசிக் கணத்தில் நாணி விலகுகிறது என்றார். இருபது வருடம் சாக்கடை பார்த்த பொறியாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பக்கத்தில் அவர் மனைவி மட்டும், "அது வீடு மாதிரி இருக்குங்க. பாவம், வீட்டைத் தொடாம ஒதுங்கிப் போகுது பாருங்க" என்றார். எனக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

பதிவேட்டில் எழுத வரிசையில் நின்றார்கள். பொறியாளருக்கு முன்னால் நின்றவர்கள் நன்று, மிக நன்று என்று முடித்துக்கொண்டார்கள். இவர் பேனாவின் மூடியைக் கடித்து யோசித்து, மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, நாலு வரி எழுதினார். எழுதி முடித்துத் திரும்பியதும் நான் நோட்டீஸோடு எதிரில் போய் நின்றேன். இப்போது நீங்கள் பார்த்த அந்தக் கட்டம் என் வீடு, நாளை மறுநாள் நீங்கள் உடைக்கப் போவது அதைத்தான் என்றேன். அவர் நோட்டீஸைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். தன் துறையின் வரைபடத்தை இவ்வளவு நேரம் ஆசை, நாணம் என்று ரசித்ததை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எந்த அதிகாரிக்குத்தான் மனம் வரும்.

"ஓவியம்ங்கறது கற்பனைம்மா" என்றார் பொறுமையாக. "கற்பனையில வளையலாம். கம்ப்யூட்டர்ல நேராத்தான் இருக்கு. நான் கற்பனையை நம்பி வேலை செய்ய முடியாது."

பேராசிரியர், கலையும் வாழ்க்கையும் வேறு வேறு என்று எனக்கு ஆறுதல் சொன்னார். பஸ் போய்விட்டது. நான் தரையிலேயே உட்கார்ந்தேன். நாத்தனாரிடம் போய் என்ன சொல்வது, இரண்டு மெஷினையும் எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று நினைத்தபோது அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

காப்பாட்சியர் பதிவேட்டை மூடப் போனவர், கடைசிப் பக்கத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். மூன்றாவது முறை சத்தமாகப் படித்தார்.

"இன்று பதினேழாம் எண் படத்தை நேரில் பார்வையிட்டேன். கோடானது வீட்டை எவ்விடத்திலும் தொடாமல் ஒதுங்கித் தெருவோரமாகவே செல்வது முழு மனநிறைவைத் தருகிறது."

கீழே கையெழுத்து, பதவி, தேதி. பழக்க தோஷம். துறையில் இருப்பவர்களுக்குப் பதவி போடாமல் கையெழுத்துப் போட வராது.

"ரசிச்சேன்னு எழுதலைம்மா. பார்வையிட்டேன்னு எழுதியிருக்காரு" என்றார். "எங்க ஆபீஸ்ல அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தந்தான். பொறுப்பான அதிகாரி போய்ப் பார்த்து, சரின்னு சொல்லிட்டாரு. இந்தப் பார்வைங்கற சொல்லை நான் ஒரு தடவை தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவை மாட்டேன்."

ஆனால் பதினேழாம் எண் படம் எது, அது எந்தத் தெரு என்று யாராவது சொல்ல வேண்டுமே. அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து, வேண்டாம், உங்கள் இடம் போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் படியிறங்கிப் போய், தூசி படிந்த ஒரு சீலைக் கொண்டுவந்தார். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, படத்தை நகலெடுத்து, பதிவேட்டுப் பக்கத்தையும் நகலெடுத்து, இரண்டிலும் "பதிவறை, உண்மை நகல்" என்று குத்தினார். "கண்காட்சி எண் பதினேழு என்பது மேற்படி தெருவின் மூல வடிகால் படமே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காப்பாட்சியர் என்று போடவில்லை. எழுத்தர் என்று போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடப்பாறையோடு ஆறு பேரும் பொறியாளரும் வந்தார்கள். நான் காகிதங்களைக் கொடுத்தேன். தன் கையெழுத்தைத் தானே படிக்கும்போது மனிதருக்கு வியர்த்தது. அது சும்மா கருத்து என்றார். கருத்துக்கு எதற்குப் பதவி போட்டீர்கள் என்று நாத்தனார் மெஷினில் இருந்தபடியே கேட்டாள். வீட்டைத் தொடவில்லை என்று அவரே எழுதியிருக்கும்போது தொட்டால், பொய்யாகப் பார்வையிட்டதாகும். அவர் தெருவோரத்தைக் காட்டினார். நாலடி தள்ளித் தோண்டினார்கள். படத்தில் இருந்த அதே இடத்தில், அதே வளைவோடு செங்கல் தெரிந்தது. அடைப்பை எடுத்து மூடிவிட்டு மத்தியானத்துக்குள் போய்விட்டார்கள்.

பதிவறைச் சீல் எப்படிக் கண்காட்சிப் பொருளின் மேல் விழுந்தது என்று மேலிடம் கேட்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. படங்கள் யாவும் பதிவுகளே, எனவே பார்வையிலிருந்து அகற்றி உள்ளே வைக்கவும் என்று உத்தரவு வந்தது. ஆரம்பத்திலிருந்தே தனக்கு ஒரு சந்தேகம் இருந்ததாகப் பேராசிரியர் பத்திரிகையில் எழுதினார்.

எனக்கு அந்த வளைவு கண்ணிலேயே நின்றது. சட்டைக்குக் கை வெட்டும்போதெல்லாம் ஞாபகம் வந்தது. நகல் கையில் இருக்கிறது. ஆனால் நகலில் சிவப்பு இல்லை, துணி இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வேலையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போனேன். பலகை இல்லை. பம்ப் ஹவுஸ் கூடம் பூட்டியிருந்தது. வெளி மாடிப்படிக்கு அடியில் இருந்த பதிவறைக் கதவைத் தட்டினேன். அவர்தான் திறந்தார். உள்ளே ஒரு பல்பு எரிந்தது, சுற்றிலும் கூரைவரை கட்டுகள். என்னால் இப்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, வீடு நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்டார். நன்றாக இருக்கிறது, பதினேழை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

அவர் ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பெயர், முகவரி, படத்தின் எண். அதற்குக் கீழே ஒரு பெரிய கட்டம்: விண்ணப்பதாரரின் வீட்டுக்கு உள்ள ஆபத்தின் விவரம். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். சும்மா பார்க்க என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினார். எனக்காகத்தான் தேடினார், எப்படியாவது கிடைக்காதா என்றுதான் தேடினார் என்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் புத்தகத்தை மூடினார்.

"ஆபத்துல இருக்கறவங்க மட்டுந்தான் பார்க்கலாம்னு இருக்கும்மா. உங்களுக்குத்தான் இப்போ ஒரு ஆபத்தும் இல்லையே" என்றார், நல்ல செய்தி சொல்கிறவரைப் போல.